நாலு லிட்டர் கருப்பு ஆயிலும் கவிதாவின் முறுக்கு ஆர்டரும்

போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை.

கார் இன்ஜின்ல இருந்து வடிச்ச பழைய ஆயில் நாலு லிட்டர். அதை மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் வராம, சேர வேண்டிய இடத்துல சேர்க்கணும். அவ்வளவுதான்.

போயிட்டு டிபனுக்கு வந்துடலாம்னு நெனைச்சேன். அன்னிக்கு டிபன் தோசை. அந்தத் தோசையை நான் இன்னும் சாப்பிடல.

எனக்கு ஊர் ஈரோடு. ஹைதராபாத் வந்து மூணு வருஷம் ஆச்சு. சைனிக்புரில வாடகை வீடு. சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் வேலை. அதாவது, அடுத்தவங்க பண்ணின தப்பை நாள் முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்கு எனக்குச் சம்பளம். பத்துப் பன்னெண்டு வருஷம் இதையே செஞ்சா, நாம தப்பே பண்ண மாட்டோம்னு ஒரு நெனைப்பு வந்துடும். வந்துடுச்சு.

அந்த நெனைப்புலதான் இந்தத் தடவை ஆயிலை நானே மாத்தினேன்.

வீடியோ மூணு தடவை பார்த்தேன். அதுல ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, சட்டையில ஒரு பொட்டு கறை படாம, பன்னெண்டு நிமிஷத்துல ஆயில் மாத்தறார். நான் காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். எட்டரைக்கு முடிச்சேன். என் சட்டை என்ன கலர்னு அதுக்கப்புறம் யாராலயும் சொல்ல முடியல.

ஆனா முடிச்சேன்! பழசை வடிச்சாச்சு, நட்டை முடுக்கியாச்சு, புதுசை ஊத்தியாச்சு. வண்டியும் ஸ்டார்ட் ஆச்சு. மார்பை நிமித்திக்கிட்டு உள்ள வந்தேன்.

"கவிதா, முடிச்சுட்டேன்!"

என் வீட்டுக்காரி அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தா. "ஏனுங்க, அது என்ன கையில? என் சூரியகாந்தி எண்ணெய் கேனா?"

"காலியாத்தான இருந்துச்சு. பழைய ஆயிலை அதுல ஊத்தியிருக்கேன்."

"சரி, அதை என்ன பண்ணப் போறீங்க?"

நல்ல கேள்வி. வீடியோவுல வெள்ளைச் சட்டைக்காரர் கடைசியா ஒரு வரி சொன்னார். 'பழைய ஆயிலைப் பொறுப்பாக அப்புறப்படுத்துங்கள்.' எங்கன்னு சொல்லல. சிரிச்சுட்டுப் போயிட்டார்.

சாதாரண மனுஷனா இருந்தா சாக்கடையில ஊத்திட்டுப் போயிருப்பான். எனக்கு அதுக்கு வழியில்ல. நான் எங்க காலனி கிரீன் கமிட்டி மெம்பர். ஈரக் குப்பையில ஒரு பேனா மூடி கிடந்தாலே போட்டோ எடுத்து குரூப்ல போட்டு, 'இது யார் வீட்டுப் பேனா?'ன்னு கேக்கற ஆள். காலனில பாதிப் பேர் என்னை மியூட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு என் பொண்ணு சொல்றா. அவளுக்குப் பதினொரு வயசு. தமிழ்ல கேட்டா ஹிந்தியில பதில் சொல்லுவா, ஆனா இதை மட்டும் சுத்தத் தமிழ்ல சொன்னா.

முதல்ல குப்பை ஆட்டோ வந்துச்சு. ஓட்டிட்டு வர்ற லட்சுமம்மா கேனைத் தொறந்து ஒரு மோப்பம் பிடிச்சாங்க. டக்குனு மூடித் திருப்பிக் குடுத்தாங்க.

"இன்ஜன் ஆயில் தீஸ்கோமு சார். மோரில போசேயண்டி!"

எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனா அவங்க கை சாக்கடையைக் காட்டினது எல்லா மொழியிலயும் ஒண்ணுதான்.

"சாக்கடையிலயா? அது எங்க போய்ச் சேரும்னு தெரியுமா? ஏரிக்கு! ஏரித் தண்ணி எங்க போகும்?" அப்படின்னு நான் தமிழ், ஆங்கிலம், மீதிக்கு அபிநயம்னு கலந்து விளக்கினேன். லட்சுமம்மா பொறுமையா கேட்டுக்கிட்டாங்க. கடைசியில பக்கத்துல நின்ன என் பொண்ணைப் பார்த்து, "நான்னகாரு டிபன் தின்னாரா?"ன்னு கேட்டாங்க. உங்கப்பா சாப்பிட்டாரான்னு அர்த்தம்.

பக்கத்து வீட்டு மேஜர் சாப் இதையெல்லாம் காம்பவுண்ட் சுவர் வழியா பார்த்துக்கிட்டு இருந்தார். ரிட்டயராகி இருபது வருஷம் ஆன மனுஷன். ஆனா சுவர் மேல கையை ஊன்றினா எல்லையில நிக்கற மாதிரியே இருக்கும்.

"என்கிட்ட குடுங்க," அப்படின்னார் ஹிந்தியில. "சுவர் ஓரமா ஊத்தினா கரையான் வராது."

"சாப், அது மண்ணுக்குள்ள இறங்கிடும். உங்க போர்வெல் தண்ணி கெட்டுப் போகும்."

"நாங்க பார்டர்ல இதைத்தான் ஊத்தினோம். ஒரு கரையான் உள்ள வரல."

நாட்டைக் காப்பாத்தினவர்கிட்ட என்னன்னு வாதாடறது? "மன்னிக்கணும் சாப்"னு சொல்லிக் கேனை நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு.

இதுல எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. கெட்ட காரியத்துக்கு இந்த ஆயிலை வாங்கிக்க ஊரே தயாரா இருக்கு. தெரு முனையில வீடு கட்டற மேஸ்திரி கூட, கான்கிரீட் ஒட்டாம இருக்க சென்ட்ரிங் பலகைக்குத் தடவறேன்னு கேட்டார். நல்ல காரியத்துக்குத்தான் ஆளில்ல.

அப்போதான் போன் 'டிங்'னுச்சு. காலனி குரூப். 'யூஸ்டு ஆயில் கலெக்‌ஷன். இன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை. பார்க் கேட் அருகில்.'

ஆஹா! கடவுள் இருக்கார்!

கேனைத் தூக்கிக்கிட்டு நடந்தே போனேன். பார்க் கேட்ல ஒரு மேஜை, பச்சைத் துணி, ஒரு பேனர். மேஜைக்குப் பின்னாடி ஷைலஜா மேடம். காலனி மகளிர் சங்கத் தலைவி. அவங்களுக்குப் பக்கத்துல ஏழெட்டுப் பெண்கள், கையில ஆளுக்கொரு பாட்டில்.

பேனர்ல சின்ன எழுத்துல 'சமையல்'னு ஒரு வார்த்தை இருந்திருக்கு. நான் பார்க்கல. அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கற கண்ணு, அன்னிக்கு லீவு.

நான் கேனை மேஜை மேல வெச்சேன். ஷைலஜா மேடம் மூடியைத் தொறந்தாங்க. அப்படியே உறைஞ்சு போனாங்க.

"இது... உங்க வீட்டு ஆயிலா?" ஆங்கிலத்துலதான் கேட்டாங்க.

"ஆமா மேடம்." பெருமையா சொன்னேன்.

"எவ்வளவு நாளா இதையே யூஸ் பண்றீங்க?"

"ஒரு வருஷம் மேடம்."

பின்னாடி இருந்த ஒரு பாட்டில் கீழ விழுந்துச்சு.

"ஒரு வருஷமாவா? நடுவுல மாத்தவே இல்லியா?"

"இல்ல மேடம். குறைஞ்சா மேல கொஞ்சம் ஊத்திக்குவோம். ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"எந்தப் புஸ்தகத்துல?"

"வண்டியோட குடுத்தாங்களே..." அப்படின்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, இன்னொரு அம்மா கேனோட லேபிளைப் படிச்சுட்டாங்க. அதுல ஒரு சிவப்பு இதயம் சிரிச்சுக்கிட்டு இருக்கு. 'இதயத்திற்கு உகந்தது.'

"அடப்பாவமே! இவங்க வீட்லதான நான் தீபாவளிக்கு மூணு கிலோ முறுக்கு சொல்லியிருக்கேன்!"

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கிச்சு. பேனரை நிமிந்து படிச்சேன். 

என் வீட்டுக்காரி கவிதா தீபாவளிக்கு முறுக்கு, தட்டுவடை, அதிரசம் ஆர்டர் எடுக்கறா. ரெண்டு வருஷமா பண்றா. மொதல் வருஷம் நாலு வீடு. இந்த வருஷம் இருபத்தாறு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டுல ரெண்டு முறுக்கு வெச்சுக் குடுத்து, ருசி காட்டி, அவளே பிடிச்ச ஆர்டர்.

"மேடம், மேடம்! இது சமையல் எண்ணெய் இல்ல! கார் ஆயில்! எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடின ஆயில்!"

"அதான் கேன்லயே சூரியகாந்தின்னு போட்டிருக்கே?"

"அது கேன் மட்டும்தான் சூரியகாந்தி!"

ஷைலஜா மேடம் என் தோள்ல கை வெச்சாங்க. ரொம்ப மென்மையா சொன்னாங்க. "தப்பை ஒத்துக்கறதுக்குக் கூச்சப்படக் கூடாது. இங்க யாரும் உங்களுக்குத் தீர்ப்பு சொல்லப் போறதில்ல."

எட்டுப் பேரும் போன்ல தீர்ப்பு டைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

நான் வீட்டுக்குப் போய்ச் சேரறதுக்குள்ள செய்தி போய்ச் சேந்துடுச்சு. கவிதா வாசல்லயே நின்னா. கையில போன். கண்ணுல தண்ணி நிக்குது. விழல. விழுந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"அஞ்சு வீடு வேண்டாம்னுட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல அஞ்சு வீடு."

"நான் குரூப்ல விளக்கம் போடறேன்..."

"உங்க மெசேஜை எவனுங்க படிக்கறான்?"



அவ மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா. "இது கார் ஆயில்தான்னு, ஆயில் வாங்கற எடத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு ஒரு ரசீது வாங்கிட்டு வாங்க. அது இல்லாம வராதீங்க."

தோசைக்கல் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் அதைப் பார்க்கல. பார்க்கற நெலமையில இல்ல.

கேனை முன் சீட்ல வெச்சு, சீட் பெல்ட் போட்டு விட்டு, வண்டியை எடுத்தேன்.

நேரா கௌஸ் பாய் ஷெட்டுக்குப் போனேன். மூணு வருஷமா என் வண்டியைப் பார்க்கற மெக்கானிக். நல்ல மனுஷன். நானே ஆயில் மாத்தின விஷயம் அவருக்குத் தெரியக் கூடாதுன்னு நெனைச்சிருந்தேன். என் சட்டையைப் பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டார்.

"க்யா சாப், நீங்களே மாத்திட்டீங்களா?"

"சும்மா ஒரு ட்ரை பாய்."

"அச்சா. குடுங்க, நம்ம டிரம்ல ஊத்திடறேன்." மூலையில ஒரு பெரிய டிரம். பாதி ரொம்பி இருந்துச்சு.

"ரசீது குடுப்பீங்களா?"

"ரசீது கைக்கு சாப்?" எதுக்குன்னு கேக்கறார். பழைய ஆயிலுக்கு ரசீது கேட்ட ஒரே ஆள் நான்தான்னு அவர் முகமே சொல்லிச்சு. "டிரம் ரொம்பினா மல்லாபூர்ல இருந்து வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். அங்கதான் காய்ச்சி, சுத்தம் பண்ணி, மறுபடி ஆயிலாக்கறாங்க. ரசீது அவங்கதான் குடுக்கணும்."

"அட்ரஸ் சொல்லுங்க பாய்!"

சொன்னார். சொல்லிட்டு வண்டிக்கு அடியில குனிஞ்சு ஒரு பார்வை பார்த்தார். "சாப், ஒரு நிமிஷம் வண்டியை உள்ள விடுங்க. கீழ பார்க்கணும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் ஆயில் மாத்தினது இவருக்குப் பொறுக்கல, ஏதாவது நொட்டை சொல்லி வேலையைப் பிடிக்கப் பார்க்கறார்! இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!

"எல்லாம் கரெக்டா இருக்கு பாய். நான் வீடியோ பார்த்துப் பண்ணியிருக்கேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் தொறந்தார். நான் கண்ணாடியை ஏத்திட்டுக் கெளம்பிட்டேன்.

மக்களே, அந்தப் பயணம் இருக்கே! ஹைதராபாத்காரங்க இவ்வளவு அன்பானவங்கன்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. வழி நெடுக என்னைப் பார்த்துக் கையாட்டறாங்க. ஒரு பைக்காரர் பக்கத்துல வந்து ஹாரன் அடிச்சு, என் வண்டியைக் காட்டி ஏதோ சொன்னார். பாராட்டறார்னு நெனைச்சு, தலையசைச்சேன்.

மௌலாலி தாண்டி ஒரு சிக்னல்ல நின்னேன். பக்கத்துல ஒரு ஆட்டோ. டிரைவர் எட்டி என் கண்ணாடியைத் தட்டினார்.

"சார்! ஆயில் போதுந்தி!"

ஆயில் போதும்னு சொல்றாரா? முன் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருக்கற கேனைப் பார்த்திருப்பார். நான் அதைத் தூக்கிக் காட்டினேன்.

"ஆமாங்க, நாலு லிட்டர். போதும், போதும்!"

"காது சார்! ஆயில் போதுந்தி, ஆயில்!" இல்லைங்கற மாதிரி கையை ஆட்டினார்.

"ரீசைக்கிளிங்! ரீசைக்கிளிங்!" அப்படின்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். பின் சீட்ல இருந்த பயணியைத் திரும்பிப் பார்த்தார். பயணியும் என்னைப் பார்த்தார். சிக்னல் விழுந்துச்சு. ரெண்டு பேரும் தலையில அடிச்சுக்கிட்டே போனாங்க.

மல்லாபூர் தொழிற்பேட்டைக்குள்ள நுழையறப்போ டேஷ்போர்டுல ஒரு விளக்கு விட்டு விட்டு எரிஞ்சுது. சிவப்பு. எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம், மூக்குல ஒரு சொட்டு. ஆயில் மாத்தினதை வண்டி தானா கண்டுபிடிச்சு நமக்குச் சொல்லுது போலன்னு நெனைச்சேன். என்ன டெக்னாலஜி பாருங்கன்னு வியந்தேன். வியந்துக்கிட்டே கம்பெனி கேட்டுக்குள்ள வண்டியை நிறுத்தி ஆஃப் பண்ணினேன்.

உள்ள ஆபீஸ் ரூம்ல ஒருத்தர் உக்காந்திருந்தார். அம்பது வயசு இருக்கும். மேஜை மேல பேரு பீட்டர்னு இருந்துச்சு. நான் ஹிந்தியில ஆரம்பிச்சேன். ரெண்டு வரியில கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தமிழா சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஹிந்தியை இப்படி அடிக்கறவன் வேற யாரு? நம்மளும் தமிழ்தான். தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குன்னு வந்தது, அப்படியே இங்கயே. சொல்லுங்க, எத்தனி டிரம்?"

"டிரம் இல்ல. கேன்."

"எத்தனி கேன்?"

"ஒண்ணு."

பீட்டர் எழுந்திரிச்சு, மேஜையைச் சுத்தி வந்து, என் கையில இருந்த சூரியகாந்தியைப் பார்த்தார். "நக்கோ சார், வேணாம். நாங்க டிரம்மா எடுப்போம். டாங்கரா எடுப்போம். இது என்னா சார், சாம்பார் தாளிக்கறதுக்கா?"

 நடந்ததைக் காலைல இருந்து ஒண்ணு விடாம சொன்னேன். லட்சுமம்மா, மேஜர், ஷைலஜா மேடம், அஞ்சு வீடு. நடுவுல போன் அடிச்சுது. கவிதா. "எட்டு வீடு" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா. ஸ்பீக்கர்ல கேட்டுச்சு.

பீட்டர் சிரிக்கலாமா கூடாதான்னு தவிச்சார். கடைசியில ஒரு ஃபாரத்தை எடுத்தார். "சரி சார். வீட்டுக்காரம்மா பொழப்பு. ரூல்ஸ் படி எழுதிக் குடுக்கறேன். கம்பெனி பேரு?"

"கம்பெனி இல்லீங்க, வீடு."

"வீடுன்னு இதுல கட்டமே இல்லியே சார். கவர்மென்டு ஃபாரம். பழைய ஆயில் கம்பெனிலதான் வரும்னு முடிவு பண்ணிட்டாங்க." யோசிச்சார். "சரி, உங்க பேரையே கம்பெனியா போடறேன். என்னா தயாரிக்கறீங்க?"

"ஒண்ணும் தயாரிக்கலீங்க."

"ஏதாச்சும் எழுதணும் சார். காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது. வீட்ல என்னா தயாரிக்கறீங்க?"

"நான் ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரிதான் முறுக்கு..."

எழுதிட்டார்! 'தயாரிப்பு: முறுக்கு. வெளியேறும் கழிவு: கருப்பு ஆயில், நாலு லிட்டர்.'

"அய்யோ! அடிங்க! அதை அடிங்க!" நான் மேஜை மேலயே ஏறிட்டேன். "அதைக் கொண்டு போனா என்னைக் கொன்னுடுவா!"

அவர் அடிக்கறதுக்குப் பேனாவை எடுத்தப்போ கேட் வாட்ச்மேன் ஓடி வந்தார். பீட்டர்கிட்ட தெலுங்குல படபடன்னு ஏதோ சொன்னார். அதுல 'போதுந்தி' மட்டும் எனக்குப் புரிஞ்சுது.

"அவரும் போதும்கறாரே, எது போதுமாம்?"

பீட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போதுந்தின்னா 'போகுது' சார். உங்க வண்டியில இருந்து ஆயில் போகுது."

ஓடினேன்.

வண்டிக்கு அடியில ஒரு குளம். கருப்பு இல்ல. தேன் கலர். பளபளன்னு, புத்தம் புது ஆயில். அங்க இருந்து ஒரு கோடு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தொட்டு, வளைவுல திரும்பி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் போச்சு. அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போனா யார் வேணும்னாலும் என் வீட்டுக்குப் போயிடலாம்.

பீட்டர் குனிஞ்சு கை விட்டுப் பார்த்தார். "நட்டு ஆடுது சார். நட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு வாஷர் இருக்குமே, அது எங்க?"

வாஷரா? வேர்வையைத் துடைக்கப் பாக்கெட்ல இருந்து கர்சீப்பை எடுத்தேன். 'டிங்'னு ஒரு சத்தம். சின்னதா, வட்டமா, செம்புக் கலர்ல ஒண்ணு சிமென்ட் தரையில உருண்டு, பீட்டர் ஷூவுல முட்டி நின்னுச்சு.



"அதாவது," பீட்டர் நிறுத்தி நிதானமா சொன்னார், "கெட்டுப் போன ஆயிலைப் பத்திரமா பெல்ட் போட்டுக் கொண்டாந்து குடுத்துட்டு, நல்ல ஆயிலை சைனிக்புரில இருந்து மல்லாபூர் வரிக்கும் ஊத்திட்டு வந்திருக்கீங்க."

என் வாழ்க்கையில எனக்குக் கெடச்ச மிகத் துல்லியமான டெஸ்ட் ரிப்போர்ட் அதுதான்.

அப்புறம் அவர் வாட்சைப் பார்த்தார். முகம் மாறிச்சு. "சார், சிரிக்கற நேரம் இல்ல. மணி ஒண்ணே முக்கால். ரெண்டு மணிக்குப் பக்கத்து ஃபேக்டரில ஷிஃப்டு விடறாங்க. நூறு நூத்தம்பது பைக்கு அந்த வளைவுலதான் திரும்பும். ஆயில் மேல டயர் ஏறிச்சுன்னா..."

சொல்லி முடிக்கல.  அது வரைக்கும் இது என் மானப் பிரச்சனை, முறுக்குப் பிரச்சனை. இப்போ அப்படி இல்ல. யாரோ ஒருத்தர் ஷிஃப்டு முடிச்சு வீட்டுக்குச் சாப்பிடப் போறவர், என் பாக்கெட்ல இருந்த ஒரு வாஷரால கையை ஒடிச்சுக்குவார்.

"என்ன பண்ணணும்?"

"மரத்தூள்." பீட்டர் ஷெட்டைக் காட்டினார். "மூட்டை கெடக்கு. தூக்குங்க."

தூக்கினேன். நான் கடைசியா தூக்கின பாரம் லேப்டாப் பை. வாட்ச்மேன் ஒரு மூட்டை, பீட்டர் ஒரு மூட்டை, நான் ஒண்ணு. வளைவு வரைக்கும் ஓடி, மரத்தூளை வாரி வாரி இறைச்சோம். மேல மரத்தூளு, கீழ ஆயிலு. நான் ரெண்டு தடவை வழுக்கி விழுந்தேன். என் ஆயிலை நானே டெஸ்ட் பண்ணினேன்னு வெச்சுக்கங்க.

சங்கு ஊதிச்சு. கேட் தொறந்துச்சு. பைக்குங்க வெள்ளம் மாதிரி வர ஆரம்பிச்சுது.

வளைவோட கடைசி நாலடிக்கு மரத்தூள் போடல. என் மூட்டை காலி. ஒண்ணும் யோசிக்காம நடு ரோட்டுல போய் அந்த நாலடி மேல ரெண்டு கையையும் விரிச்சு நின்னு, நிறுத்துங்கன்னு கத்தினேன்.

"ஆகு! ஆகு! ஆயில் போதுந்தி! ஆயில் போதுந்தி!"

மூணு வருஷத்துல நான் சரியான எடத்துல, சரியான அர்த்தத்துல பேசின முதல் தெலுங்கு வாக்கியம்.

முன்னாடி வந்த பைக்காரர் பிரேக் அடிச்சார். பின் சக்கரம் லேசா இழுத்துச்சு. காலை ஊன்றி நிறுத்திட்டார். எனக்கும் டயருக்கும் நடுவுல ஒரு சாண். அவர் என்னைத் திட்டின திட்டு முழுக்கப் புரியல. புரிஞ்ச வரைக்கும் எல்லாமே நியாயமா இருந்துச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மரத்தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திட்டறதைப் பாதியில நிறுத்திட்டு, பின்னாடி வர்றவங்களுக்குக் கையைக் காட்டி ஓரமா திருப்பி விட ஆரம்பிச்சார். கடைசிப் பைக் போற வரைக்கும் அவர் நகரல.

ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான் ரோட்டோரம் உக்காந்தேன். 

பீட்டர் தண்ணி பாட்டில் குடுத்தார். "மீதி ரோட்ல சொட்டுச் சொட்டாத்தான் விழுந்திருக்கு சார், டயர்லயே துடைச்சுப் போயிருக்கும். இருந்தாலும் வளைவு வளைவா தூள் போட்டுக்கிட்டே போங்க."

கௌஸ் பாய்க்குப் போன் பண்ணினேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. "பாய்..."னேன்.

"வாஷரா சாப்?" அப்படின்னார்.

வந்தார். புது ஆயிலோட வந்தார். வாஷரைப் போட்டு, நட்டை முடுக்கி, இன்ஜினைக் காது வெச்சுக் கேட்டு, "பொழைச்சுக்குச்சு"ன்னார். காலைல நான் கண்ணாடியை ஏத்தினதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

கௌஸ் பாய் ஓட்ட, நான் கூடவே ஒரு மூட்டை மரத்தூளோட ஒவ்வொரு வளைவுலயும் இறங்கித் தூவிக்கிட்டே வந்தேன். சிக்னல்ல ஒரு அம்மா, ஏதோ வேண்டுதல்னு நெனைச்சு என்னைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

வீட்டுக்குள்ள நுழைஞ்சப்போ மணி அஞ்சு. உடம்பெல்லாம் ஆயில், அது மேல மரத்தூள்.

கவிதா பார்த்தா. "ஏனுங்க, ரவையில பொரட்டின மீனாட்டம் இருக்கீங்க."

ரசீதை நீட்டினேன். பீட்டர் புதுசா எழுதிக் குடுத்தது. 'கார் இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில், நாலு லிட்டர். பெறப்பட்டது.' கையெழுத்து, சீல் எல்லாம் பக்கா. தயாரிப்புங்கற எடத்துல மட்டும், கம்ப்யூட்டர் விடாதுங்கறதால, 'சாஃப்ட்வேர்'னு போட்டிருந்தார்.

அவ அதை ரெண்டு தடவை படிச்சா. போட்டோ எடுத்துக் குரூப்ல போட்டா. பத்து நிமிஷத்துல ஷைலஜா மேடமே வீட்டுக்கு வந்துட்டாங்க. கவிதா கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. போன எட்டு வீடும் திரும்பி வந்துச்சு. ஷைலஜா மேடம் தன் பங்குக்கு அதிரசமும் சொல்லிட்டுப் போனாங்க. கவிதா அப்போதான் அழுதா. ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, குளிச்சுட்டு வாங்கன்னு சொன்னா. மாவு பிசையப் போயிட்டா.

ரசீதுக்குக் கீழ நானும் ஒரு மெசேஜ் போட்டேன். 'பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். முறையாக ஒப்படைக்க இடம் இருக்கிறது.' இருபத்து மூணு பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தாங்க. காலனில என் மெசேஜை இத்தனை பேர் படிச்சது அதுதான் முதல் தடவை. பெருமையா தூங்கினேன்.

ஞாயித்துக்கிழமை காலைல பால் எடுக்கக் கேட்டைத் தொறந்தேன். பால் பாக்கெட்டைக் காணோம். அது இருக்கற எடத்துல, வரிசையா, பதினொரு கேன்.

பெயின்ட் டப்பா ஒண்ணு, பினாயில் பாட்டில் ரெண்டு, ஒரு பிரஷர் குக்கர் கூட இருந்துச்சு. எல்லாத்துலயும் கருப்பு ஆயில். மேஜர் சாப் மட்டும் ஒழுங்கா, பேர், தேதி, அளவு எழுதி ஒட்டியிருந்தார்.

பொறுப்பா இருக்கறது தப்பில்ல மக்களே, அதைக் குரூப்ல போடறதுதான் தப்பு.